தொலைதூரப் பாறை அடுக்குகளைச் சீக்வென்ஸ் முறையில் இணைப்பது எப்படி?

சென்னைக் கல்லூரிகளில் நிலவியல் பயிலும் மாணவர்கள் எழும்பூரில் ரயிலேறி, களப்பயிற்சிக்காக அரியலூரில் போய் இறங்குகிறார்கள். அந்த மண்ணில் ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை கடல் வந்ததும் போனதும் அடுக்கடுக்காகப் பதிந்திருக்கின்றன. காரை கிராமத்தை ஒட்டிய ஓடைவெட்டு நிலத்தில் ஜிப்சம் மின்னும் களிமண், கல்லக்குடிச் சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல், கருடமங்கலத்தில் சிப்பி செறிந்த மணற்கல் என்று சில கிலோமீட்டர்களுக்குள்ளேயே பாறையின் முகம் மாறிவிடுகிறது. காரைக் களிமண் படிந்துகொண்டிருந்த அதே காலத்தில் இங்கிலாந்தின் தென்கரையில் வெண்மையான சாக் பாறை (மென்மையான சுண்ணாம்புக்கல்) படிந்தது. அமெரிக்காவின் கொலராடோவில் சுண்ணாம்புக்கல்லும் களிப்பாறையும் மாறி மாறிப் படிந்தன. பார்வைக்கு எந்த உறவும் இல்லாத இந்த அடுக்குகளில் எது எதற்குச் சமகாலத்தது என்பதை நிறுவும் வழிகளுள் ஒன்றுதான் சீக்வென்ஸ் அடுக்கியல். அதை முறையாகச் செய்வது எப்படி என்பதை அரியலூர் அடங்கிய காவிரிப் படுகையையே சான்றாக வைத்து இங்கே விளக்குகிறேன்.

முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது ஒன்று உண்டு. இம்முறையில் நாம் பாறையைப் பாறையோடு இணைப்பதில்லை. தளத்தைத் தளத்தோடு இணைக்கிறோம். கடல்மட்டமும் வண்டல் வரத்தும் மாறும்போது படிவு முறை திசை திரும்புகிறது. அந்தத் திருப்பம் நிகழ்ந்த தளம் கரையில் அரிப்புத் தளமாகவும், ஆழமற்ற கடலில் சிப்பிப் படலமாகவும், ஆழ்கடலில் கண்ணுக்கே புலப்படாத மெல்லிய களிக் கோடாகவும் தோன்றலாம். தோற்றம் மூன்று, நிகழ்வு ஒன்று. அந்த நிகழ்வைப் பின்பற்றிச் சென்றால் மணற்கல்லிலிருந்து களிப்பாறைக்கும், களிப்பாறையிலிருந்து சாக் பாறைக்கும் தடம் அறுபடாமல் செல்ல முடியும். அமெரிக்க நிலவியலாளர் லாரன்ஸ் ஸ்லாஸ் 1963-இல் வட அமெரிக்கக் கண்டத்தின் பாறைகளைப் பெரும் அரிப்பு இடைவெளிகளால் ஆறு சீக்வென்ஸ்களாக, அதாவது இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே படிந்த அடுக்குத் தொகுப்புகளாக, பிரித்துக் காட்டினார். பீட்டர் வெய்லும் எக்ஸான் நிறுவனத்தில் அவரோடு பணியாற்றியவர்களும் 1977-இல் சீஸ்மிக் (நிலத்தடி அதிர்வலை எதிரொலிப்) பதிவுகளைக் கொண்டு அக்கருத்தை நுணுக்கமான முறையாக வளர்த்தெடுத்தார்கள். இன்று எண்ணெய்க் கிணறு முதல் மலைவெட்டு வரை எல்லா இடத்திலும் இம்முறை பயன்படுகிறது.

மெரினாவில் தொடங்குங்கள்

கடற்கரை முன்னேறுவதையும் பின்வாங்குவதையும் கடல்மட்டம் ஒன்றே தீர்மானிக்கிறது என்ற எண்ணத்தோடு களத்துக்குப் போகிறவர்கள் தவறான இணைப்புகளை வரைவார்கள். அந்த எண்ணத்தைத் திருத்திக்கொள்ளச் சென்னைக் கரையைவிடச் சிறந்த வகுப்பறை இல்லை. நம் கரையோரமாக ஆண்டு முழுவதும் மணல் நகர்ந்துகொண்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கு நோக்கியும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும் நகர்ந்தாலும், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கு நோக்கிய நகர்வே மிகுதி. 1870-களில் துறைமுகக் கட்டுமானம் தொடங்கிக் கடலுக்குள் சுவர்கள் நீண்டபோது அந்த மணல் தெற்கே தேங்கியது, மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளுக்கு மணல் வரத்துக் குறைந்தது. கடல் ஊருக்குள் ஏறிற்று. பாறாங்கற்களைக் கொட்டித் தடுக்க வேண்டியதாயிற்று. சில கிலோமீட்டர் இடைவெளியில், அதே கடல்மட்டத்தில், அதே காலத்தில் ஓரிடத்தில் கரை முன்னேறியது, இன்னோரிடத்தில் பின்வாங்கியது.

பாறைப் பதிவில் இந்த இரண்டு இடங்களையும் எதிர்காலத்தில் ஒருவர் படித்தால், தெற்கே மேல்நோக்கி ஆழம் குறைந்துவரும் அடுக்கையும், வடக்கே மேல்நோக்கி ஆழம் கூடிவரும் அடுக்கையும் காண்பார். வடிவத்தை மட்டும் நம்பினால் இவ்விரண்டையும் வெவ்வேறு காலத்தவை என்றே முடிவு செய்வார். வண்டலுக்குக் கிடைக்கும் இடம் எவ்வளவு, அந்த இடத்தை நிரப்ப வரும் வண்டல் எவ்வளவு என்னும் இரண்டின் விகிதமே கரையின் திசையைத் தீர்மானிக்கிறது. இடத்தைக் கடல்மட்டமும் நிலம் தாழ்வதும் சேர்ந்து உருவாக்குகின்றன. வண்டலை ஆறும் அலையும் கொண்டுவருகின்றன. எனவே ஓர் அடுக்கில் கடலேற்றத்தைக் கண்டவுடன் அதை உலகளாவிய கடல்மட்ட உயர்வு என்று எழுதிவிடக் கூடாது.

அதே கரை வேறொன்றையும் கற்பிக்கிறது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, கடைசிப் பனியூழியின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது நம் கரை கிழக்கே வெகு தொலைவில் இருந்தது; இன்றைய கடலடித் திட்டு வறண்ட நிலமாக இருந்தது; ஆறுகள் அதை வெட்டிக்கொண்டு ஓடின. பின்னர்க் கடல் ஏறியபோது அந்தப் பள்ளங்கள் களிமண்ணாலும் சிப்பியாலும் நிரம்பின. பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய இடங்களில் அடித்தளத்துக்குத் துளையிடும்போது சிப்பி கலந்த மென்களிமண் மேலே வருவதைக் கட்டுமானத் துறையினர் நன்கறிவார்கள். தாழ்நிலையின் அரிப்புத் தளம், அதன்மேல் கடல் ஏறும்போது படிந்த கடலேற்றத் தொகுதி, அதற்கும் மேல், கடல் உயர்ந்து நிற்கும் நிலையில் இன்று கட்டப்பட்டுவரும் உயர்நிலைத் தொகுதி என ஒரு சீக்வென்ஸின் உறுப்புகள் நகரத்தின் அடியிலேயே இருக்கின்றன. அரியலூரில் தேட வேண்டியதும் இதே ஒழுங்கைத்தான்.

ஒவ்வோர் இடத்தையும் தனித்துப் படித்தல்

இணைக்கும் வேலையை இணைக்காமல் தொடங்குவதே நல்ல முறை. இரண்டு இடங்களை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால், முதலிடத்தின் முடிவு இரண்டாமிடத்தின் வாசிப்பைப் பாதிக்காதபடி இரண்டையும் தனித்தனியாக அளந்து முடிக்க வேண்டும். அடியிலிருந்து மேலாக, ஒவ்வோர் அடுக்கின் தடிமன், பருக்கையளவு, குறுக்கடுக்கு, அலைத்தடம், புழு குடைந்த தடங்களின் அடர்த்தி, புதைபடிவ வகை, நிறம், மேல் எல்லையின் தன்மை ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். எல்லை கூர்மையானதா, படிப்படியாக மாறுவதா என்பதைக் கண்டிப்பாக எழுதுங்கள். பலர் அடுக்கைப் பற்றிப் பத்து வரி எழுதி எல்லையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். இந்த முறைக்கு உயிர் எல்லையில்தான் இருக்கிறது.

காரையில் இதைச் செய்யும்போது ஒரு பொறியில் சிக்காமல் இருக்க வேண்டும். அங்கே களிமண் சரிவெங்கும் ஜிப்சம் பளபளக்கும். ஜிப்சம் என்றாலே கடல்நீர் வற்றி உப்புப் படிந்த ஆழமற்ற குளம் என்று பாடநூல் நினைவு சொல்லும். குனிந்து பாருங்கள். அந்த ஜிப்சம் நரம்புகளில் பல, அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு செல்கின்றன. அடுக்கை வெட்டிச் செல்லும் எதுவும் அடுக்குக்குப் பின்னால் வந்ததே. அதே களிமண்ணில் சுட்டுவிரல் போன்ற வடிவில் பெலம்னைட் துண்டுகளும் அம்மோனைட்டுகளும் கிடக்கின்றன. இவை திறந்த கடலில் நீந்தி வாழ்ந்தவற்றின் எச்சங்கள். படிவுச் சூழலைச் சொல்லும் அதிகாரம் இந்தப் புதைபடிவங்களுக்கு உண்டு, நரம்புகளுக்கு இல்லை. இதைக் கவனிக்காமல் நரம்பை நம்பினால், கடல் ஆழ்ந்திருந்த பகுதியை வற்றிய பகுதியாக எழுதி, முழுச் சீக்வென்ஸையும் தலைகீழாக்கிவிடுவோம்.

மேற்பரப்பு இல்லாத இடத்தில் கிணற்று லாக்குகளை (துளைக்குள் கருவியை இறக்கி ஆழவாரியாக எடுத்த அளவீடுகளை) கொண்டு இதே வேலையைச் செய்கிறோம். காமா கதிர் அளவு மேல்நோக்கிக் குறைந்தால் களி குறைந்து மணல் கூடுகிறது என்றும், கூடினால் களி மிகுகிறது என்றும் பொதுவாகக் கொள்ளலாம். ஆனால் கிரானைட், நைஸ் பாறைகளிலிருந்து அரித்து வந்த மணலில் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் மிகுந்திருந்தால், தூய மணலே களிப்பாறையைப் போலக் கூடுதல் காமா அளவைக் காட்டும். தமிழகத்தின் அடித்தளப் பாறை எது என்பதை அறிந்தவர்கள் இந்த எச்சரிக்கையை எளிதில் ஏற்பார்கள். அடர்த்தி, நியூட்ரான் லாக்குகளோடும் துளையிடும்போது மேலே வந்த பாறைத் துகள்களோடும் ஒப்பிடாமல் காமா வளைவை மட்டும் வைத்து எல்லை வரையாதீர்கள்.

தளங்களைக் கண்டறிதல்

அளந்த பதிவைச் சுவரில் மாட்டி, சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். ஆழம் கூடுவதும் குறைவதுமான சிறு சுழற்சிகள் தெரியும். ஒவ்வொரு சிறு சுழற்சியும் பெரும்பாலும் மேல்நோக்கி ஆழம் குறைந்து, திடீரென ஆழ்ந்த நீரின் களியால் மூடப்படும். இதைப் பாராசீக்வென்ஸ் என்கிறோம். தனிச் சுழற்சி ஒன்று தொலைவில் பயன்படுவது அரிது, ஏனெனில் ஓர் ஆற்றின் வாய் இடம் மாறினாலே அது உருவாகிவிடும். நமக்குத் தேவை இச்சுழற்சிகள் அடுக்கப்படும் போக்கு. அடுத்தடுத்த சுழற்சிகள் மேன்மேலும் கரைத்தன்மை பெற்றால் கரை கடலை நோக்கிச் செல்கிறது. மேன்மேலும் ஆழ்தன்மை பெற்றால் கரை நிலத்தை நோக்கி வருகிறது. இந்தப் போக்கு திரும்பும் இடமே தளம்.

மூன்று தளங்களைத் தேட வேண்டும். ஒன்று, சீக்வென்ஸ் எல்லை: கடல் தாழ்ந்தபோது நிலம் வெளிப்பட்டு அரிக்கப்பட்ட இடம். வேர்த்தடம், பழமண், கூழாங்கல் படலம், கீழடுக்கை வெட்டிய கால்வாய், ஆழ்ந்த களிமேல் நேரடியாக அமர்ந்த ஆற்றுமணல் ஆகியவை இதன் அடையாளங்கள். இரண்டு, கடலேற்றத் தளம்: அலை கரையைக் கிளறி மெல்லிய சிப்பிப் படலத்தையோ கரடுமுரடான மணலையோ விட்டுச்சென்ற இடம். மூன்று, உச்சக் கடலேற்றத் தளம்: கரை நிலத்துக்குள் மிகவும் ஏறியிருந்த கணத்தில் படுகையின் நடுவே வண்டல் ஏறக்குறைய நின்றுவிட, நீண்ட காலம் மிக மெல்லிய படலமாகச் செறிந்த இடம். குளோக்கோனைட் என்னும் கடலடிக் கனிமத்தின் பச்சை நிறம், பாஸ்பேட் உருண்டைகள், மிதவை ஃபோராமினிஃபெரா (ஓட்டோடு கூடிய ஒற்றைச் செல் கடலுயிர்கள்) மிகுதி, உயர்ந்த காமா அளவு, புழு குடைந்து இறுகிய கடல்தரை ஆகியவை இதைக் காட்டிக்கொடுக்கும்.

காரைக் களிமண்ணை உள்ளடக்கிய ஊட்டத்தூர்த் தொகுதியின் களிமண்ணில் பாஸ்பேட் உருண்டைகள் கிடைப்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. அவற்றைக் கண்டவுடன் உச்சக் கடலேற்றத் தளம் என்று குறித்துவிடும் ஆசை எழும். உருண்டையைக் கையிலெடுத்து முதலில் அதன் மேற்பரப்பைப் பாருங்கள். உருண்டு தேய்ந்து, துளையிடும் உயிர்கள் குடைந்து, பல அளவுகளில் குவிந்திருந்தால் அது வேறிடத்திலிருந்து அரித்துக் கொண்டுவந்து சேர்த்த குவியலாக இருக்கலாம். அப்போது அது கடலேற்றத் தளத்துக்கே பொருந்தும். களிக்குள்ளேயே இடம் மாறாமல் வளர்ந்து, உள்ளே உடையாத புதைபடிவத்தோடு இருந்தால்தான் செறிந்த படலத்தின் சாட்சியாகக் கொள்ளலாம். ஒரே பொருள் இரண்டு தளங்களுக்கும் சாட்சி சொல்லும் என்பதால் அடையாளம் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். குறைந்தது இரண்டு வகைச் சான்று சேர வேண்டும்.

தொலைவில் இணைக்க எந்தத் தளத்தை நம்புவது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எக்ஸான் மரபினர் அரிப்புத் தளத்தையே எல்லையாகக் கொண்டார்கள். வில்லியம் கேலோவே 1989-இல் உச்சக் கடலேற்றத் தளத்தை எல்லையாகக் கொள்ளும் முறையை முன்வைத்தார். காவிரிப் படுகையில் வேலை செய்பவர்களுக்கு என் பரிந்துரை, இணைப்பை உச்சக் கடலேற்றத் தளத்தில் தொடங்குவது. அது களியில் அமைவதால் அரிபடாமல் பரந்து கிடக்கும், லாக்கில் எளிதில் தெரியும், காலத்தைச் சொல்லும் நுண்ணுயிர்ப் புதைபடிவங்களும் அங்கேதான் மிகுதி. அரிப்புத் தளமோ ஓரிடத்தில் சில ஆயிரம் ஆண்டுகளையும் வேறிடத்தில் பல லட்சம் ஆண்டுகளையும் விழுங்கியிருக்கும்.

ஒரே படுகைக்குள் இணைத்தல்

கண்டம் கடப்பதற்கு முன் படுகைக்குள் பழகிக்கொள்ள வேண்டும். எச். எஃப். பிளான்ஃபோர்ட் 1860-களில் இப்பகுதிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் தொகுதிகளாகப் பிரித்தார். அந்தப் பெயர்கள் வெளியே தெரியும் பாறைகளுக்கானவை. கிழக்கே நிலத்தடியில் துளையிட்டவர்கள் ஆண்டிமடம், சத்தப்பாடி, புவனகிரி, குடவாசல், நன்னிலம், குமராட்சி என்று வேறு பெயர்களைச் சூட்டினார்கள். பெயர் வேறாக இருப்பதாலேயே காலமும் வேறு என்றோ, இரண்டும் களிப்பாறையாக இருப்பதாலேயே காலம் ஒன்று என்றோ கொள்வது பிழை. மேலும் காவிரிப் படுகை ஒரே தொட்டி அன்று. தென்கண்டங்கள் ஒன்றாயிருந்த கோண்டுவானா நிலம் பிளந்தபோது உருவான முகடுகளும் பள்ளங்களும் அதைப் பல உட்படுகைகளாகப் பிரித்திருக்கின்றன. முகட்டின்மேல் மெல்லிதாகவும் இடைவெளிகளோடும் இருக்கும் அடுக்கு, பக்கத்துப் பள்ளத்தில் பல மடங்கு தடித்திருக்கும்.

ஆகவே கிணறுகளை வரிசையாக வரைந்து, ஓர் உச்சக் கடலேற்றத் தளத்தைக் கிடைமட்டக் கோடாக வைத்து மற்றவற்றை அதிலிருந்து தொங்கவிடுங்கள். அரிப்புத் தளத்தைக் கிடைமட்டமாக வைத்தால் அதன் பள்ளம் மேடுகள் மறைந்து, மேலுள்ள அடுக்குகள் இல்லாத வளைவுகளைப் பெற்றுவிடும். அடுத்து, மணலை மணலோடு நேர்கோட்டில் இணைக்கும் கையைக் கட்டுப்படுத்துங்கள். கரை முன்னேறும்போது அடுக்குகள் கடலை நோக்கிச் சரிந்தே படிகின்றன. மேற்குக் கிணற்றின் கரைமணல், கிழக்குக் கிணற்றில் பல மீட்டர் ஆழத்திலுள்ள களிக்குச் சமகாலத்தது. கிழக்குக் கிணற்றின் கரைமணலோ அதைவிட இளையது. சீஸ்மிக் வெட்டு கிடைத்தால் இந்தச் சரிவு கண்ணெதிரே தெரியும்.

இணைத்து முடித்த வெட்டைக் காலத்தை நிலைக்குத்து அச்சாக வைத்து மீண்டும் ஒருமுறை வரைய வேண்டும். ஹாரி வீலர் 1958-இல் அறிமுகப்படுத்திய இந்த வரைபடத்தில், பாறை இருக்கும் காலம் நிறமாகவும் பாறை இல்லாத காலம் வெற்றிடமாகவும் தோன்றும். தடிமன் வரைபடத்தில் ஒரு கோடாக ஒளிந்திருந்த அரிப்பு இடைவெளி இங்கே பெரிய வெற்றிடமாக வெளிப்படும். ஒரு கிணற்றில் வெற்றிடம், பக்கத்துக் கிணற்றில் அதே காலத்துக்குத் தடித்த அடுக்கு, அதற்கடுத்த கிணற்றில் மீண்டும் வெற்றிடம் என்று வந்தால், நடுவில் உண்மையிலேயே பள்ளம் இருக்கிறதா அல்லது இணைப்புத் தவறா என்று திரும்பிப் போய்ப் பாருங்கள். இந்த ஒரு பயிற்சியிலேயே பிழைகளில் பெரும்பகுதி பிடிபட்டுவிடும்.

காலச்சான்று இல்லாமல் கண்டம் கடக்காதீர்கள்

ஒரே படுகைக்குள் தளத்தை அடி அடியாகப் பின்தொடர முடியும். காரைக்கும் இங்கிலாந்துக்கும் இடையே அப்படிப் பின்தொடர எதுவும் இல்லை. எனவே வடிவத்திலிருந்து முற்றிலும் விடுபட்ட காலச்சான்று தேவை. காவிரிப் படுகையின் கிரிட்டேசியஸ் (டைனோசர் ஊழியின் கடைசிக் காலம்) பாறைகளுக்கு முதற்சான்று அம்மோனைட்டுகளே. ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1860-களிலும் 1870-களின் தொடக்கத்திலும் இப்பகுதிப் புதைபடிவங்களை விரிவாக விவரித்தபோதே ஐரோப்பிய இனங்களோடு அவற்றுக்குள்ள உறவு தெளிவாயிற்று. அம்மோனைட்டுகளிலும் உலகெங்கும் பரவியவை உண்டு, ஓரிரு கடல்களில் மட்டும் வாழ்ந்தவையும் உண்டு. இணைப்புக்கு முதல் வகையையே எடுக்க வேண்டும். அவற்றோடு மிதவை ஃபோராமினிஃபெராவையும் நுண்சுண்ணாம்புப் புதைபடிவங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓர் இனம் ஓரிடத்தில் முதன்முதலாகத் தோன்றும் அடுக்கு அந்த இனம் பிறந்த காலத்தையே காட்டும் என்று உறுதியில்லை. அவ்விடத்துக்கு அது குடியேறிய காலமாகவோ அதற்கேற்ற ஆழம் அமைந்த காலமாகவோ இருக்கலாம். கடலேற்றத் தளத்துக்கு நேர் மேலே பல இனங்கள் ஒரே நேரத்தில் தோன்றினால் இந்த ஐயம் எழவே வேண்டும்.

புவியின் காந்தத் துருவங்கள் இடம் மாறிய காந்தத் திருப்பங்களைப் பயன்படுத்தலாமே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 8.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை புவியின் காந்தப்புலம் திரும்பாமல் ஒரே திசையில் நிலைத்திருந்தது. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளித் தொகுதிகள் முழுவதும் இந்த நீண்ட அமைதிக்குள்ளேயே விழுகின்றன. அதனால் அங்கே காந்த அடுக்கியல் நமக்குக் கைகொடுக்காது. அரியலூர்த் தொகுதிக்கே அது உதவும். அதற்கு மாறாகக் கார்பன் ஐசோடோப் பதிவு ஊட்டத்தூர்த் தொகுதிக்கு மிகப் பெரிய துணை. கிரிட்டேசியஸின் உட்பிரிவுகளான செனோமேனிய, டுரோனியக் காலங்களின் எல்லையை ஒட்டி, ஏறத்தாழ 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கடலடியில் ஆக்சிஜன் வற்றி உயிர்க்கார்பன் பெருமளவில் புதைந்தது. அதன் விளைவாகக் கடல்நீரின் கார்பன்-13 விகிதம் உலகெங்கும் ஒரே நேரத்தில் உயர்ந்தது. டுரோனியத்தின் அடித்தளத்துக்கு உலகத் தரநிலை இடமாக ஏற்கப்பட்டுள்ள கொலராடோவின் ப்யூப்லோவிலும் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னிலும் இந்த உயர்வு தெளிவாகப் பதிந்திருக்கிறது. பாறை சாக் ஆனாலும் களியானாலும் வளைவின் வடிவம் ஒன்றே. ப்யூப்லோ பகுதியில் எரிமலைச் சாம்பல் படலங்களும் இருப்பதால் அங்கே ஆண்டுக் கணக்கே கிடைக்கிறது. நம் பகுதியின் காலக்கணக்கை அந்த எண்ணிக்கையோடு பிணைக்க ஐசோடோப் வளைவு வழிகாட்டுகிறது. மாதிரி எடுக்கும்போது ஓடை வெட்டிய சரிவின் மேல்தோலை ஆழமாகத் தோண்டி நீக்கிவிட்டுப் புதிய களியை எடுங்கள்; வெயிலும் மழையும் பட்ட மேற்பகுதியின் ஐசோடோப் விகிதம் மாறியிருக்கும்.

இந்தச் சான்றுகள் கைக்கு வந்தபின் சீக்வென்ஸ்களை ஒப்பிடலாம். 2002-இல் வெளியான ஓர் ஆய்வு, காவிரிப் படுகையின் செனோமேனிய அடுக்குகளை இங்கிலாந்து, பிரான்ஸ் நாடுகளில் பரவியுள்ள ஆங்கிலோ-பாரிஸ் படுகையின் அடுக்குகளோடு நுணுக்கமான உயிர்ப்படிவ அடிப்படையில் ஒப்பிட்டு, இருபுறத்துச் சீக்வென்ஸ்களும் சமகாலத்தவை என்றும், அவற்றின் தாளம் புவிப்பாதையின் நீள்வட்டத்தன்மை மாறும் ஏறத்தாழ 4 லட்சம் ஆண்டுச் சுழற்சியோடு பொருந்துகிறது என்றும் காட்டியது. வெவ்வேறு புவித்தட்டுகளில், வெவ்வேறு வண்டல் வரத்தோடு இருந்த இரண்டு கரைகளில் ஒரே நேரத்தில் கடல் இறங்கி ஏறியிருந்தால் அதற்கு நிலத்தின் உள்ளூர் அசைவைக் காரணம் சொல்வது கடினம். திருச்சிராப்பள்ளிச் சீமையின் களிமண் ஓடைகள் உலகக் கடல்மட்ட வரலாற்றுக்கே சாட்சியாகின்றன என்பதை நம் மாணவர்கள் பெருமையோடு அறிந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த ஆய்வைத் தாங்கி நிற்பது அதன் உயிர்ப்படிவ நுணுக்கம்தான். அது இல்லாத இடத்தில் இதே முறை எவ்வளவு எளிதில் ஏமாற்றும் என்பதை எண்ணிப் பாருங்கள். செனோமேனியம் ஏறத்தாழ 66 லட்சம் ஆண்டுகள் நீண்டது. உங்களிடமுள்ள புதைபடிவம் 10 லட்சம் ஆண்டு வரை பிழை தரக்கூடியது, நீங்கள் இணைக்கும் சுழற்சியோ 4 லட்சம் ஆண்டு நீளமுள்ளது என்றால், உங்கள் எல்லை அங்குள்ள எல்லைகளில் ஏதாவது ஒன்றோடு எப்படியும் பொருந்திவிடும். உலகக் கடல்மட்ட வரைபடங்களைப் பற்றி ஆண்ட்ரூ மயால் 1990-களின் தொடக்கத்தில் எழுப்பிய கடுமையான விமர்சனத்தின் சாரம் இதுவே: வரைபடத்தில் ஏற்ற இறக்கங்கள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் எந்த நிகழ்வுக்கும் ஒரு துணை கிடைத்துவிடுகிறது. பிலால் ஹக்கும் உடனாய்வாளர்களும் 1987-இல் வெளியிட்ட கடல்மட்ட வளைவை அருகில் வைத்துக்கொண்டு தங்கள் எல்லைகளை அதில் பொருத்துகிறவர்கள், சோதிக்க வேண்டியதையே சான்றாக்கிக்கொள்கிறார்கள். வளைவை எல்லாம் முடிந்த பிறகே திறந்து பாருங்கள்.

எளிய சோதனை ஒன்றைச் சொல்கிறேன். இணைப்பை முடித்தபின், ஒருபக்கத்துச் சீக்வென்ஸ்கள் அனைத்தையும் ஒரு படி மேலே நகர்த்திப் பாருங்கள். பின்பு ஒரு படி கீழே நகர்த்திப் பாருங்கள். காலச்சான்றுகள் உடனே முரண்பட்டால் உங்கள் இணைப்பு உறுதியானது. நகர்த்திய பின்னும் எதுவும் முரண்படவில்லை என்றால் இன்னும் மாதிரி எடுக்க வேண்டும் என்று பொருள்.

நில அசைவா, கடல் அசைவா என்ற கேள்வியும் ஒவ்வோர் எல்லையிலும் கேட்கப்பட வேண்டும். ஊட்டத்தூர்த் தொகுதிக்கும் அதன்மேல் அமர்ந்த திருச்சிராப்பள்ளித் தொகுதிக்கும் இடையே அரிப்பு இடைவெளி இருப்பதைப் பழைய ஆய்வாளர்களே குறித்திருக்கிறார்கள். அதைத் தொலைதூரத்து எல்லையோடு இணைக்குமுன், கீழ் அடுக்குகளும் மேல் அடுக்குகளும் ஒரே சரிவில் உள்ளனவா, மேலுள்ள மணலில் அடித்தளப் பாறையின் புதிய துண்டுகள் திடீரென மிகுகின்றனவா, முகட்டின் இருபுறத்திலும் இடைவெளியின் அளவு ஒன்றுபோல் உள்ளதா என்று பார்க்க வேண்டும். சரிவு மாறி, துண்டுகள் மிகுந்து, முகட்டுக்கு முகடு இடைவெளி வேறுபட்டால் நிலம் எழுந்ததன் பங்கு பெரியது. அந்த எல்லையைக் கடல் கடந்து கொண்டுசெல்லாதீர்கள்.

நிலப்படிவுக்குள் கோட்டைக் கொண்டுசெல்வது

மிகக் கடினமான இடத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அரியலூர்த் தொகுதியின் உச்சியில் கல்லமேட்டுப் படிவம் இருக்கிறது. டைனோசர் எலும்புகள் கிடைத்த இந்தப் படிவத்தில் ஆற்று, வண்டல்வெளிச் சூழலின் தன்மையே மேலோங்கியிருக்கிறது. அதற்கு மேலே கடல்சார் நின்னியூர்ப் படிவம், கிரிட்டேசியஸுக்கு அடுத்து வந்த டேனியன் காலத்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கிரிட்டேசியஸ் முடிவு இந்த இடைவெளிப் பகுதியில் எங்கோ விழுகிறது. அந்த எல்லையின் உலகத் தரநிலை இடமான துனீசியாவின் எல் கெஃப்பில் அது கடல் களியில், இரிடியம் செறிந்த எல்லைக் களிப்படலத்தின் அடியில் வரையறுக்கப்பட்டிருக்கிறது; மிதவை ஃபோராமினிஃபெராவின் பேரழிவும் அங்கே பதிந்திருக்கிறது. கல்லமேட்டின் ஆற்றுமணலில் அந்த உயிர்களைத் தேடிப் பயனில்லை.

இத்தகைய இடத்தில் பின்வருமாறு செய்யலாம். ஆற்றுப்படிவுகளிலும் இடத்துக்கும் வண்டலுக்கும் உள்ள விகிதம் பதிவாகிறது: இடம் குறைவான காலத்தில் கால்வாய் மணல்கள் ஒன்றையொன்று வெட்டி நெருங்கிக் கிடக்கும், இடம் மிகுந்த காலத்தில் அவை வண்டல்வெளிக் களிக்குள் தனித்தனித் தீவுகளாகக் கிடக்கும். இந்த மாற்றம் நிகழும் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, கிழக்கு நோக்கி, கடல்சார் அடுக்குகள் இடைபுகும் கிணறுகள் வரை அதைப் பின்தொடருங்கள். அங்கே அந்த மட்டத்துக்கு மேலும் கீழும் உள்ள நுண்ணுயிர்ப் புதைபடிவங்களைக் கொண்டு காலத்தின் மேல் வரம்பையும் கீழ் வரம்பையும் பெறுங்கள். மகரந்தத் துகள்களும் வித்துகளும் நிலத்திலும் கடலிலும் ஒருசேரப் படிவதால் இந்த இடத்தில் அவற்றை ஆராய்பவரின் துணை மிகவும் வேண்டும். இறுதி வரைபடத்தில், பழமண் அடுக்குகளின் எண்ணிக்கை, கால்வாய் நெருக்கம், மகரந்த எல்லை ஆகிய மூன்றும் ஒத்துவரும் இடத்தில் முழுக்கோடும், இரண்டு மட்டும் ஒத்துவரும் இடத்தில் விட்டு விட்டுச் செல்லும் கோடும் வரைந்து, ஒன்று மட்டுமே உள்ள இடத்தில் கோட்டுக்குப் பதிலாக அது விழக்கூடிய தடிமன் முழுவதையும் நிழலிட்ட பட்டையாகக் காட்டுங்கள். பட்டையின் ஓரத்திலேயே எந்தக் கிணற்றின் எந்த ஆழத்து மாதிரி அதன் வரம்பைத் தீர்மானித்தது என்பதையும் எழுதிவிடுங்கள்.